வாளிக்காரன்

அன்புள்ள முருகேசா,

நலம். கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு வாரம் படிக்கக் கூடாது என்றார் டாக்டர். நாலாம் நாளே புத்தகத்தை எடுத்துவிட்டேன், திட்டாதே.

போன கடிதத்தில் நம் பிளாட்பாரத்தில் தீயணைக்க மணலோடு தொங்கிய சிவப்பு வாளிகளை நினைவுபடுத்தியிருந்தாய். அதனால்தான் இந்த டிமோதி ஓ'ஹே கதையை உனக்கு எழுதுகிறேன்.

அயர்லாந்தில் கார்க் பக்கத்துப் பையன். பிரிட்டிஷ் ராணுவத்தின் ரைஃபிள் பிரிகேடில் வெறும் சிப்பாய். 1866 ஜூன் 9, கனடாவில் டான்வில் ஸ்டேஷன். ரயிலில் குடியேற வந்த ஜெர்மானியர் சுமார் 800 பேர். அதே ரயிலில் 2,000 பவுண்டு வெடிமருந்து ஏற்றிய வேகன் ஒன்று. அது எதற்குத் தெரியுமா? அயர்லாந்து விடுதலைக்காக ஃபீனியன்கள் அந்த மாதம்தான் அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டிக் கனடாவைத் தாக்கியிருந்தார்கள். அவர்களைச் சுட! தன் ஊர்க்காரர்கள் மேல் பாயப்போகும் மருந்துக்கு இவன் காவல்.

வேகனில் தீப்பிடித்தது. ரயிலிலிருந்து கழற்றிவிட்டார்கள். அப்புறம்? என்ன செய்யலாம் என்று நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். (நம் ஆபீசிலும் அதுதானே நடக்கும்.) ஓ'ஹே சார்ஜெண்ட் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினான். ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். தண்ணீரும் ஏணியும் கேட்டுக் கத்தினான். அவனைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கும் கைகால் வந்தது. தீ அணைந்தது.

பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். எதிரியே இல்லாத இடத்துத் துணிச்சலுக்கும் அதைத் தரலாம் என்று 1858-இல் ஒரு விதி வந்திருந்தது. அந்த விதியில் வாங்கியவர்கள் மொத்தம் ஆறே பேர். மற்ற ஐந்து பேர் நம் வங்கக் கடலில், சின்ன அந்தமானில் பேரலைக்குள் படகு விட்டு ஆட்களை மீட்டவர்கள். 1881-இல் விதியை மாற்றி, எதிரி முன்னால் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. எதிரியைக் கண்டால் ஆத்திரமாவது துணைக்கு வரும். வெடிமருந்துப் பெட்டி முன்னால் என்ன துணை?

பிறகு ஆள் ஆஸ்திரேலியா போனான். 1848-இல் பாலைவெளியில் காணாமல்போன லைக்கார்ட் என்ற நாடாய்வுப் பயணியின் குழுவில் ஒருவர் உயிரோடிருக்கிறார் என்று ஹியூம் என்பவர் சொல்ல, அவரோடு தேடக் கிளம்பினான். 1874 நவம்பரில், குயின்ஸ்லாந்தின் வறண்ட வெளியில், குடிக்கத் தண்ணீரில்லாமல் இருவரும் செத்துப்போனார்கள்.

இதைப் படித்த ராத்திரி எழுந்து இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். கமலா, "சர்க்கரை ஏறிப்போச்சா?" என்கிறாள்.

பேரன் காதுகுத்துக்குத் தேதி குறித்ததும் எழுது.

உன்,
சுந்தரம்