'இன் கேமரா'ன்னா கேமரா வெச்சு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு போக்சோ கேஸ், அதாவது குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான சட்டத்துல போட்ட கேஸ் செய்தி, அதுல விசாரணை முழுக்க கேமராவுல பதிவாகும்னு போட்டிருந்தீங்க. படிச்சதும் பக்குனு ஆயிடுச்சு. கோர்ட்ல சொன்னது 'இன் கேமரா', அதாவது கதவை சாத்திட்டு வெளியாள் யாரையும் விடாம விசாரிக்கிறது, போக்சோ சட்டம் 37வது பிரிவே அப்படித்தான் நடத்தணும்னு சொல்லுது, நீங்க போட்டது நேர் எதிர்.

நிருபரையும் குத்தம் சொல்ல முடியல, வார்த்தை அப்படி. லத்தீன்ல கேமரான்னா வளைவா கூரை போட்ட அறை, அதுவே கிரேக்கத்துல இருந்து வாங்கினது. இத்தாலில இன்னைக்கும் லாட்ஜுல போய் 'கேமரா' கேட்டா ரூம் சாவிதான் வரும், அவங்க பார்லிமென்ட் கீழ்சபைக்கும் அதே பேர். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு போனது 'சேம்பர்', நம்ம வக்கீலுங்க உக்காந்திருக்காங்களே அதேதான். போர்ச்சுகீஸ்காரன் கப்பல்ல வந்து இறங்கினது இந்தியில 'கம்ரா', சிங்களத்துல 'காமரய'ன்னாலும் அறைதான். ஸ்பெயின் பட்டாளத்துல ஒரே அறைல படுத்தவன் 'கமராதா', அதுதான் காம்ரேட். எங்க தெரு தோழர்கிட்ட இதை சொன்னேன், "அப்ப இத்தன வருஷமா ரூம்மேட்டுன்னா கூப்புட்டுட்டு இருந்தோம்"னு ஒரே சிரிப்பு.

போட்டோ பெட்டிக்கு இந்த பேர் வந்ததுக்கும் அறைதான் காரணம். சின்ன வயசுல மத்தியான வெயில்ல கதவை சாத்திட்டு படுத்திருப்போம், கதவு ஓட்டை வழியா தெருவுல போற சைக்கிள்காரன் எதிர் சுவத்துல தலைகீழா போவான், பாத்திருப்பீங்க. அந்த மாதிரி இருட்டு ரூமுக்கு 1604ல வானியல் அறிஞர் கெப்ளர் எழுதின பேருதான் 'கேமரா அப்ஸ்க்யூரா', இருட்டறை, அவ்ளோதான். அறை சுருங்கி சுருங்கி தூக்கிட்டு போற பெட்டியாச்சு, 1839ல டாகேர்ங்கிற பிரெஞ்சுக்காரரோட போட்டோ எடுக்குற முறை வெளிய வந்தப்புறம் உள்ள விழுற படத்தை தகட்டுல நிறுத்தி வெக்கவும் முடிஞ்சுது, 'இருட்டு' உதிர்ந்து போய் 'அறை' மட்டும் பெட்டிக்கு பேரா நின்னுடுச்சு.

இனிமே 'மூடிய அறை விசாரணை'ன்னே போடுங்க சார். போன வார செய்திக்கு ஒரு திருத்தமும் போடுங்க, அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல. அந்த புள்ளையோட வீட்லயும் பேப்பர் வாங்குவாங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர், திருச்சி