ஐவரில் இருவர் மேடையில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மனோரமாவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் நடுப்பக்கத்துப் படக்குறிப்பு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'ஐந்து முதல்வர்களுடன் திரையில் நடித்த ஒரே நடிகை' என்று போட்டிருக்கிறீர்கள். ஐந்து என்ற எண்ணிக்கை சரி. 'திரையில்' என்பதுதான் தவறு. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, பக்கத்து மாநிலத்து என்.டி. ராமாராவ், இந்த மூன்று பேரோடு நடித்தது சினிமாவில். அண்ணாவோடும் கலைஞரோடும் நடித்தது மேடையில். அவர்கள் தாங்களே எழுதி, தாங்களே வேடம் போட்ட நாடகங்களில் மனோரமா உடன் நடித்தார்.

ஒரு சொல்தானே, இதற்கு ஒரு கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். கட்டுரை முழுக்கவே அந்தத் தவறுதான் விரவிக் கிடக்கிறது. நான்கு பக்கத்தில் நாடகத்துக்குக் கிடைத்தது இரண்டே வரி: 'சிறு வயதில் நாடகங்களில் நடித்தார். பிறகு திரைக்கு வந்தார்.' அவ்வளவுதான். அப்புறம் ஆயிரம் படம், கின்னஸ், பத்மஸ்ரீ என்று ஓடிவிடுகிறது. அந்த 'பிறகு' என்ற சொல்லுக்குள்ளே எத்தனை வருஷம் அடங்கியிருக்கிறது என்று எழுதியவர் யோசிக்கவே இல்லை.

1937-இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, தகப்பன் கைவிட்ட பிறகு தாயோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்த பிள்ளை. தாய் வீட்டு வேலை செய்து காப்பாற்றினார். ஊருக்கு வந்த ஒரு நாடகத்தில் பெண் பாத்திரத்துக்குப் பாட ஆள் சரியாக அமையவில்லை. இந்தப் பெண் பாடுவாள் என்று யாரோ சொல்ல, பன்னிரண்டு வயதில் மேடை ஏறியாகிவிட்டது. மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான், சினிமாக்காரர்கள் கொடுத்ததல்ல. வைரம் நாடக சபா, அப்புறம் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம், கலைஞரின் 'மணிமகுடம்' என்று போய்க்கொண்டிருந்தது. மேடையில் அவர் கதாநாயகி! இதைத்தான் உங்கள் கட்டுரை முக்கியமாகச் சொல்லியிருக்க வேண்டும். 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில்தான் நகைச்சுவை வேடம் வந்தது. அதை ஏற்கத் தயங்கியதையும், கதாநாயகி என்றால் சில வருஷம்தான், நகைச்சுவை என்றால் நெடுநாள் நிற்கலாம் என்று கண்ணதாசன் தேற்றியதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாடகத்தின் கதாநாயகி சினிமாவுக்காக ஒரு படி இறங்கி வந்தார். நீங்கள் ஏறி வந்த மாதிரி எழுதிவிட்டீர்கள்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், நான் பழைய வட ஆற்காடு ஜில்லாக்காரன். குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்களுக்கு நாடகம் என்றால் கூத்துதான். சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் விட்டால் ராத்திரி பூரா கூத்து நடக்கும். அந்தக் காலத்தில் கூத்தில் பெண்கள் கிடையாது. பாஞ்சாலியும் ஆண், பொன்னுருவியும் ஆண், சுபத்திரையும் ஆண்.

என் தாய்மாமன் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பெண் வேஷக்காரர். சித்திரை பிறந்தால் அவருக்கு மீசை இருக்காது. அதை வைத்தே எங்களுக்குக் கூத்துக் காலம் தெரியும். இருட்டியதும் பெட்டி மேல் சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தேங்காய் எண்ணெயில் அரிதாரத்தைக் குழைத்து, காஸ் லைட் வெளிச்சத்தில் அரைமணி நேரம் முகத்தோடு மல்லுக்கட்டுவார். கடைசியாகப் புருவத்தை வரைவார். அதுவரைக்கும் அவர் என் மாமா. புருவம் விழுந்ததும் கிட்டப் போகக் கூச்சமாக இருக்கும். பாஞ்சாலி துகிலுரிதல் நடக்கிற ராத்திரி அவர் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சபதம் செய்யும்போது, ஊர்ப் பெண்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் என் அத்தையும் இருப்பார். விடிந்ததும் மாமா பம்புசெட்டில் முகம் கழுவிவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு தறிக்குப் போய்விடுவார்.

அந்த மாமாவோடுதான் 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தேன். படம் வந்தது 1968. எங்கள் பக்கத்து டென்ட் கொட்டாய்க்கு வந்து சேரக் கொஞ்ச நாள் ஆயிற்று. தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடு பண்ணி அதன் மேல் உட்கார்ந்தோம். சிவாஜியும் பத்மினியும் வந்தபோதெல்லாம் மாமா பேசாமல் இருந்தார். மனோரமா ஜில் ஜில் ரமாமணியாக வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அந்தப் பாத்திரம் ஒரு நாடகக்காரி. திரும்பி வரும் வழியில் கழனி வரப்பில் நடந்துகொண்டே அவர் சொன்னது இது: "நாங்கல்லாம் பொம்பள மாதிரி நடந்தோம்டா. இந்தம்மா நாடகக்காரி மாதிரி நடக்குது. அது வேற."

அப்போது எனக்குப் புரியவில்லை. தமிழாசிரியராகி, நாடக வரலாறு கொஞ்சம் படித்த பிறகுதான் புரிந்தது. அந்தப் படத்தை எடுத்த ஏ.பி. நாகராஜன், டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் பெண் வேடம் கட்டி வளர்ந்தவர். சிவாஜி சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து முதலில் போட்ட வேடம் சீதை. பையன்களே எல்லா வேடமும் போட்ட அந்த பாய்ஸ் கம்பெனிகளில் பெண் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. ஆக, ஒரு காலத்தில் பெண்ணாக நடித்த இரண்டு ஆண்கள், ஒருவர் கேமராவுக்குப் பின்னால், ஒருவர் முன்னால். அவர்கள் நடுவே மேடையிலிருந்து வந்த ஒரு பெண், மேடைப் பெண்ணாகவே நடிக்கிறார். நடையில் ஒரு துள்ளல், பேச்சில் ஒரு பெருமை, அதற்கு அடியில் கொஞ்சம் பயம். நாடகக்காரிக்கு ஊர் என்ன மரியாதை கொடுக்கும் என்று தெரிந்தவரின் பயம் அது. எந்த இயக்குநரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்பது என் கட்சி.

இவர் ஒருவர் மட்டுமல்ல. 1931-இல் வந்த முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமியும் மேடையிலிருந்து வந்தவரே. கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே படத்தில் நடித்தார். எங்கள் மாமாவுக்கு நேர் எதிர்! அவர்களைப் பற்றியும் சினிமாப் பத்திரிகைகள் இரண்டு வரியில்தான் மேடையை முடித்துவிடுகின்றன.

பேச்சு வழக்கைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போகக் கூடாது. மனோரமாவை எல்லோரும் அழைத்த 'ஆச்சி' என்பது செட்டிநாட்டுச் சொல். எங்கள் பக்கம் பாட்டி என்றால் ஆயா. ஆச்சி என்ற சொல்லே எங்கள் ஊர் ஜனங்களுக்கு இவர் மூலமாகத்தான் வந்தது. அதற்குப் பதிலாக அவர் எங்கள் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டார். 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே வூட்டாண்டே' பாட்டை அவரே பாடினார். மெட்ராஸ் பாஷை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆற்காட்டிலும் ராணிப்பேட்டையிலும் சந்தையில் நின்று கேளுங்கள், 'வூட்டாண்ட', 'கடையாண்ட' எல்லாம் எங்கள் வாயில் தினமும் வருவதுதான். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர் வாயில் அது ஒட்டாமல் நிற்கவில்லை. வகுப்பில் வட்டார வழக்கு பாடம் நடத்தும்போது நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

மற்றபடி 'புதிய பாதை'க்கு தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ, 2015 அக்டோபரில் மறைவு என்று நீங்கள் கொடுத்த விவரங்களில் எனக்குக் குறையில்லை. 'சின்ன கவுண்டர்' அம்மாவைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக ஒரு செய்தி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் நடந்தபோது, பெண் பிள்ளைகளும் கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி ஆடக் கற்றார்கள். ஒரு நிகழ்ச்சியில் ஒரு பெண் ஆண் வேஷம் கட்டி, கிரீடமும் தோள்கட்டையுமாகச் சுற்றிச் சுழன்று ஆடியதை நானே பார்த்தேன். மாமா இருந்திருந்தால் அந்த நடையைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருப்பார். அப்படிக் கற்றவர்களைத் தேடிப்போய் உங்கள் நிருபர் ஒருவர் எழுதினால் நான் ஆசையாகப் படிப்பேன்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று. அந்தப் படத்தை மறுபடி அச்சிட நேர்ந்தால், குறிப்பிலிருந்து 'திரையில்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். மீதி வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.