பாவாடை நாடாத் தழும்பும் பர்ன்ட் சியன்னாவும்

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். லஸ் பக்கம் தூசிதான் இன்னும் அடங்கவில்லை.

பிரிட்டிஷ் ஓவியர் ஜென்னி சாவில் வரைந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு நீயும் ஏழடி கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் உடம்பு வரையப் போவதாக எழுதியிருந்தாய். வரை. ஆனால் அவரிடமிருந்து அளவை எடுத்துக்கொள், நிறங்களை எடுக்காதே.

கிளாஸ்கோவில் படிப்பு முடிக்கையில் 1992இல் அவர் வரைந்த ‘ப்ராப்ட்’, 2018இல் லண்டன் ஏலத்தில் 95 லட்சம் பவுண்டுக்குப் போனதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அடுத்த வருடத்து ‘பிளான்’தான் பெரிய வேலை. நிர்வாண உடம்பின் மேல், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைக்குப் போடுகிற குறிக்கோடுகள். இந்த உடம்பை யார் சொல்லித் திருத்துவது என்ற கேள்வி அந்தக் கோட்டிலேயே வந்துவிடுகிறது.

நம் ஊர் உடம்பில் யாரும் புதிதாகக் கோடு போட வேண்டாம். இடுப்பில் பாவாடை நாடா பதிந்த கறுப்பு வளையம், அரைக்கைச் சட்டை முடிகிற இடத்தில் வெயில் போட்ட எல்லை, சங்கிலி உரசிய கழுத்து. என்ன வேலை, எவ்வளவு வெயில் என்று அதுவே சொல்லிவிடும். முகத்தைக்கூட விட்டுவிடலாம்.

வெளிர் தோலுக்குள் வெளிச்சம் புகுந்து சிதறி வெளியே வரும். சாவில் ஓவியங்களில் தெரிகிற இளஞ்சிவப்பு அப்படி வருவது. கறுத்த தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் அந்த வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேற்பரப்பின் பளபளப்புதான் தூக்கலாகத் தெரியும். அதனால் ஜன்னல் வெளிச்சத்தில் ஹைலைட் நீலச் சாம்பலாகவும் நிழல் செம்பழுப்பாகவும் இருக்கும். ஹைலைட்டுக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நடு நிறத்துக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு மூன்று பங்கு, அல்ட்ராமரின் நீலம் ஒன்று, எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் ஒன்று என்று தொடங்கு. வெளுப்பு வேண்டிய இடத்தில் ஓக்கரும் துளி கேட்மியம் ஆரஞ்சும் கூட்டு. டைட்டானியம் வெள்ளை கலந்தால் திருநீறு பூசிய மாதிரி ஆகிவிடும். ஹைலைட்டுக்கு மட்டும் வை. கறுப்பு ட்யூபைத் திறக்கவே வேண்டாம். நடு நிறத்தை மொத்தமாகக் கலந்து மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது.

நாடாத் தழும்பை ஈரத்தோடு தொடாதே. அடிப்பூச்சு காய்ந்த பிறகு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் கொஞ்சம் அலிசரின் சிவப்பு சேர்த்து, லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயில் நீர்க்கக் கரைத்துப் பூசு. மேல் விளிம்பைத் துணியால் ஒற்றி மங்கவை; கீழ் விளிம்பு அழுத்தமாக நிற்கட்டும். தோல் தடித்த இடத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு இருக்கும், அதைக் கடைசியில் உலர்ந்த பிரஷ்ஷால் இழு.

முதல் பூச்சு டர்பன்டைனில் மட்டும். மேலே போகப்போக எண்ணெயைக் கூட்டு. மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முந்தி இறுகி, அடிப்பூச்சு அசையும்போது வெடித்துவிடும். ஐப்பசி மழையில் காய இன்னும் நாளாகும். கான்வாஸைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

சட்டத்துக்கு நடுவில் குறுக்குக் கட்டை கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் துணியின் இழுப்பில் நீளக் கட்டைகள் உள்ளே வளையும். உன் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் ஏழடிச் சட்டம் ஏறுமா என்று அளந்துவிட்டு ஆர்டர் கொடு.

அன்புடன்,
பாஸ்கர்