அந்த அட்வான்ஸ் கட்ட வேண்டிய கடனே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெமிலிப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்றைக்கு வருகைப் பதிவேட்டை எடுத்தாலே மனசு கனத்துவிடும், இருளர் காலனிப் பிள்ளைகளில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். "செங்கல் சூளைக்குப் போய்ட்டாங்க சார்" என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். மழை ஓய்ந்ததும் சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுத்து, குடும்பத்தோடு வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஆடி வாக்கில் திரும்புவார்கள், அதுவும் கணக்கு நேரானால்.

ஒரு வருஷம் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவோடு மட்டும் திரும்பி வந்தாள். அட்வான்ஸ் கழியவில்லையென்று அப்பாவை நிறுத்திக்கொண்டார்களாம். விடியக்காலையில் எழுந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஆறு மாதம் கல் அறுத்திருக்கிறார்கள், ஆனால் வாரச் செலவுக்குக் கொடுத்த காசையும் கடனில் சேர்த்து எழுதியதால், வாங்கினதைவிட பாக்கி கூடுதலாக நின்றது. எனக்கு அப்போது சட்டம் தெரியாது. "வாங்கினா கட்டித்தானேம்மா ஆகணும்" என்று அந்தத் தாயிடம் சொல்லி அனுப்பினேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கொத்தடிமை முறை ஒழிப்பு 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976-ல் சட்டமானது. ஆளைப் பிடித்துவைத்து வேலை வாங்கக் கொடுத்த முன்பணம் எதுவும் செல்லாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் பணம் கொடுத்தவர்தான். அடைத்துப்போட்டு அடித்தால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், அப்போதைய வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை மீட்டார்கள். அதில் ஒரு பெரியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தைப் பார்த்து எல்லாரும் உச்சுக் கொட்டினோம். சரி, இப்படி மீட்கப்படுகிறவர்கள் அப்புறம் எதை வைத்துப் பிழைப்பார்கள்? அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. முழு உதவி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிக மோசமான கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம், ஆனால் கடைசிப் பட்டுவாடா வழக்கைப் பொறுத்தது என்று திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வழக்கு இழுக்கும். வயிறு அதுவரை காத்திருக்குமா? வீட்டு வாசலில் இன்னொரு மேஸ்திரி பணத்தோடு நிற்பார். சாட்சி சொல்ல வேண்டியவரே வேறு சூளையில் கிடந்தால் வழக்கு எப்படி ஜெயிக்கும்? ஜெயித்தாலும் அந்தச் சட்டத்தில் 3 வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று ஆட்சியர்களையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மீட்ட அன்றே, கொத்தடிமையிலிருந்து விடுபட்டவர் என்று காட்டும் விடுதலைச் சான்றைக் கையில் கொடுங்கள், உடனடி உதவியையும் இழுத்தடிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், 'இந்த அட்வான்ஸைக் கட்டத் தேவையில்லை' என்பதைக் காலனி காலனியாகப் போய் வாய்விட்டுச் சொல்லுங்கள். கார்த்திகை பிறந்ததும் மேஸ்திரிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குள் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நெமிலி வட்டம்