செய்து பார்க்க அரை நாள் கொடுங்கள்

நீலகிரியில் ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடும் அலுவலர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' பயிற்சி நடந்தது. வெவ்வேறு தேவையுள்ள எல்லாப் பிள்ளைகளும் கற்கும்படி பாடத்தை முதலிலேயே அமைப்பதுதான் அது. அந்தப் பயிற்சியில் காலை முதல் மாலை வரை திரையில் எழுத்துதான் ஓடியது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த, பார்வைத்திறன் குறைந்த ஆசிரியைக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. ஒரு வரிகூட அவரால் படிக்க முடியவில்லை. பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள் கேட்டார். "அப்புறம் அனுப்புகிறோம்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

அடுத்த பயிற்சியில் அரை நாளையாவது செய்முறைக்கு ஒதுக்குங்கள்.

ஐந்தைந்து பேராக உட்காரட்டும். எல்லாருக்கும் ஒரே பாடம்: இலையின் பாகங்கள். முதல் 20 நிமிடம் குறிக்கோளை மட்டும் பேச வேண்டும். 'படம் வரைந்து பாகங்களைக் குறிப்பர்' என்று எழுதிவிட்டால், பென்சில் பிடிக்க முடியாத பிள்ளை அங்கேயே வெளியே போய்விடுகிறது. பாகங்களை அறிவதுதான் குறிக்கோள். வரைவது ஒரு வழி மட்டுமே. குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு தொட்டறியும் படம். அட்டையில் விளிம்புக்குத் தடித்த கம்பளி நூல், நரம்புக்கு மெல்லிய நூல். கோடுகளுக்கிடையே 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் விரலுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் இங்கே பசை சீக்கிரம் காயாது, தொட்டதும் நூல் நகர்ந்துவிடும். ஊசியால் தைப்பதே நல்லது. படம் சரியா என்பதைப் பார்வையற்ற ஒருவர் தொட்டுச் சொல்லட்டும், அதற்கு அவருக்கு மதிப்பூதியமும் கொடுங்கள். கூடவே முற்றிய தேயிலை ஒன்று. அதன் பல்விளிம்பும் நடுநரம்பும் விரலுக்கே புரியும். பாகங்களின் பெயர்களை இங்கே வீடுகளில் பேசும் படுக மொழியிலும், பணியர் பழங்குடியினரின் பணிய மொழியிலும், அவற்றைப் பேசத் தெரிந்தவர்களைக் கொண்டு செல்போனில் பதியலாம். விடையைப் பிள்ளைகள் சொல்லட்டும், எழுதட்டும், இலையில் தொட்டுக் காட்டட்டும்.

கண்ணைக் கட்டி நடக்கவைக்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். அதில் பரிதாபம்தான் மிஞ்சும்; பாடத்தில் உள்ள தடை கண்ணில் படாது. 'இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்' என்று முத்திரை குத்துவதும் வேண்டாம். எல்லா வழியும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் பஸ் போகாத எஸ்டேட் பள்ளிகளுக்கு நடந்தே போகிறார்கள். அவர்களிடம் படிவம் கேட்கிறீர்கள், புகைப்படம் கேட்கிறீர்கள். என்ன தேவை என்று மட்டும் கேட்பதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் உள்ளடக்கிய கல்விக்கான பணியாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. திரையில் வரிகளை ஓடவிட்டால் அது பயிற்சி ஆகாது.

அட்டை, நூல், ஊசி. பெரிய செலவில்லை. அரை நாள் கொடுங்கள் என்று பணிவோடு கேட்கிறோம். தேதியை அறிவிக்கும்போதே பெரிய எழுத்துத் தாளையும் அனுப்பிவையுங்கள். அந்த ஆசிரியைக்கு முன்வரிசையில் ஓர் இடம் வையுங்கள்.

இப்படிக்கு,
மலைப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்