கோடு போட்ட பெயர்

அன்பின் மச்சானுக்கு,

மணியடி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், மழைதான் விடவில்லை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். பதிலுக்கு ஒரு கும்பிடு படம் அனுப்பியதோடு சரி. நத்தாருக்கு நீ எழுதிய கடிதம் மேசையிலேயே கிடக்கிறது, அதன்மேல் மின்சார பில், அதன்மேல் என் மூக்குக்கண்ணாடி. ஐந்து மாதம். திட்டவேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. இந்தத் தடவை விஷயம் இருக்கிறது.

நம்ம லூத்தரன் கோயில் பதிவேடு கிடைத்துவிட்டது.

திறந்தால் பன்றி மாதிரிக் கத்துமே, அந்த அலமாரியைத் தூக்கிவிட்டு இரும்பில் ஒன்று வாங்குவதாகக் கமிட்டியில் முடிவாகியிருந்தது. ஆசாரி அடிப்பலகையைக் கழற்றினால், பழைய அங்கியில் சுற்றி இரண்டு புத்தகங்கள். ஒன்றைக் கறையான் பாதி தின்றுவிட்டது. மற்றது முழுசாக இருக்கிறது. அங்கி யாருடையது என்று கேட்காதே. முழங்கை ஒட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்துக் கோயிலுக்கு ஒரு மலர் வேறு போடுகிறார்கள். வரலாறு எழுத என்னைப் பிடித்துவிட்டார்கள். ‘வாத்தியார் பென்ஷன் எடுத்துச் சும்மாதானே இருக்கிறார்.’ சும்மா இருக்கிறேனாம்! வாழ்த்துச் செய்திக்கு 14 பக்கம், கடை விளம்பரத்துக்கு 10, வரலாற்றுக்கு 2. அதிலும் முதல் வரியைச் செயலாளர் தம்பி முன்கூட்டியே எழுதித் தந்துவிட்டான்: “1927ஆம் ஆண்டு மிசூரி மிஷனரிமார் இருண்ட மலைநாட்டில் ஒளியேற்றினர்.” நல்ல பையன்தான், ஆனால் மேடையில் பேசுகிற மாதிரியேதான் எழுதவும் செய்கிறான்.

1927 சரி. அந்த வருஷத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மிசூரிக்காரர்கள், அதுதான் அமெரிக்க லூத்தரன் மிஷன்காரர்கள், அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே கிருஷ்ணகிரி, ஆம்பூர்ப் பக்கம் வந்தவர்கள், பிறகு நாகர்கோவில் பக்கமும் இறங்கினார்கள். கடல் தாண்டி இங்கே இலங்கைக்கு ஏன் வந்தார்கள்? தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்ட லூத்தரன் சனங்கள் இங்கே இருந்ததால்தானே? ஆள் இல்லாத இடத்துக்குப் போதகர் ஐயர் வருவாரா? அப்படியென்றால் கதை எங்கே தொடங்க வேண்டும்? கப்பலில் வந்த துரையிடமா, தலையில் தகரப்பெட்டியோடு மன்னார்ப் பாதையில் நடந்து வந்தவனிடமா?

இதைக் கமிட்டியில் சொன்னேன். “ஆதாரம் இருக்கா சார்?” என்றான் தம்பி. அன்றைக்கு என்னிடம் இல்லை. இப்போது இருக்கிறது.

பதிவேட்டின் பின்னட்டைக்குள் ஊசிநூலால் தைத்து வைத்த காகிதங்கள், எல்லாம் ஞானஸ்நானச் சீட்டு. அதில் ஒன்று நம்ம கறுப்புக்கோட்டுத் தாத்தாவுடையது. நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் சோற்றுப்பசையால் ஒட்டியது. மேலே லைப்சிக் மிஷன் என்று அச்சு, ஜெர்மன் லூத்தரன்காரர்களுடைய மிஷன். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர்களை இந்தியாவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். 1919 ஜனவரி 14இல் அங்கே இருந்த சபையார் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று தனியாக அமைத்துக்கொண்டார்கள். ஆக, அந்தச் சீட்டு மிசூரிக்காரர்கள் இங்கே காலடி வைப்பதற்கு வெகு முந்தியது. தாத்தா அதைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்துத் தோட்டம் தோட்டமாகக் கொண்டு திரிந்திருக்கிறார். நாம் அவருடைய கோட்டுப் பையில் கை விட்டு மிட்டாய் தேடியபோது இதுதான் விரலில் பட்டிருக்கும்.

சரி, ஐயர் இல்லாத அந்தக் காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? தோட்டத்துக்கு வரும் மற்றச் சபைக்காரர்களோடு போய் உட்கார்ந்தார்கள் சிலர். தோட்டத் தமிழருக்கென்றே துரைமார் 1854இல் தொடங்கிய மிஷன் இருந்தது, அதில் உபதேசிமார் இருந்தார்கள். மற்றவர்கள் ஆராதனையை லயத்துக் காம்பராவிலேயே வைத்துக்கொண்டார்கள். யோசித்துப் பார், நாம் கேள்வியும் பதிலுமாகப் படித்த லூத்தருடைய ஞானோபதேசம் அதற்கென்றே செய்த புத்தகம். சாக்சனி கிராமங்களைப் போய்ப் பார்த்த லூத்தர், சனத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை, போதகர்களுக்கே தெரியவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டுதான் 1529இல் அதை எழுதினார். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விதம் என்று இருக்கும். கோயிலும் குருவும் இல்லாவிட்டாலும் நடக்கும், குப்பி விளக்கும் ஒரு அப்பனும் போதும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஒரு சபை உயிரோடு இருந்தது இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். இதைத்தான் அந்த 2 பக்கத்தில் எழுதப்போகிறேன், ஒளியேற்றுகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த ஞானோபதேசக் கேள்வி, “இதற்கு அர்த்தமென்ன?” ஞாபகம் இருக்கிறதா? உபதேசியார் பிரம்பை மேசையில் தட்டிக் கேட்பாரே. நீ அதைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாயே. ஜூலை 9 வந்தால் சீகன்பால்க் கதை: 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியது, சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து ‘அ’ எழுதப் பழகியது. “ஜெர்மன்காரனுக்கே வந்துச்சு, உனக்கு ‘ழ’ வரலையாடா” என்று உன் காதைத் திருகுவார். இப்போதாவது வருகிறதா? கோத்தகிரிக்குப் போய் சி.எஸ்.ஐ.க்காரனாக மாறிய பிறகு உன்னைக் கேட்க ஆளில்லை.

விளையாட்டு போதும். பதிவேட்டில் 1964க்குப் பிறகுள்ள பக்கங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு என்னமோ போலாகிவிட்டது. அந்த வருஷம் அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும், இரண்டு நாட்டுப் பிரதமர்கள், நம்மைப் பிரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கேயே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. ஏழு பேர் போனால் நாலு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கணக்குத்தான், பள்ளிக்கூடத்தில் நானே படிப்பித்திருக்கிறேன். ஆனால் உன் அப்பா கையெழுத்தில் பார்ப்பது வேறு. ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் முதலில் “இந்தியா சென்றார்” என்று முழுதாக எழுதியிருக்கிறார், அழகாக, கொம்பும் சுழியும் பிசகாமல். சில பக்கம் தள்ளி “இந்தியா செ.” அப்புறம் வெறும் “இ.” கடைசியில் பெயருக்கு மேல் ஒரு கோடு, அவ்வளவுதான். இடையில் இரண்டொரு வீட்டாருக்கு எதிரே “வவுனியா” என்று வேறு மையில் இருக்கிறது, அது 1977 கலவரத்துக்குப் பிறகு யாரோ சேர்த்தது. குடும்பம் குடும்பமாகக் கோடு. பாடகர் குழுவில் நாலு பேரில் மூன்று பேருக்குக் கோடு. சுருதிப்பெட்டிக்காரருக்கும் கோடு, அதனால்தான் பிறகு பல வருஷம் சுருதி இல்லாமலே பாடினோம் போலிருக்கிறது.

இந்தியா போகிறவர்களை ஏற்றிப்போன ரயிலை அழுகைக் கோச்சி என்று சனம் சொல்லுமே, அட்டன் ஸ்டேஷனில் நான் உன்னோடு ஓடியது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நான் கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தை வாங்க மறந்துவிட்டாய். நான் திரும்பி வரும் வழியில் தின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக இதைச் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்.

இனி இரண்டு விஷயம். இரண்டுக்கும் பதில் வேண்டும்.

ஒன்று, நீங்கள் போன பிறகு பதிவேட்டில் சில மாதம் வெற்றுப் பக்கம். அப்புறம் திடீரென்று பென்சில் எழுத்து. பெரிது பெரிதாக, வரிக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும். வயதுபோன பிறகு எழுதப் பழகிய கை அது. ‘ஞானஸ்ஞானம்’ என்றுதான் எல்லா இடத்திலும். தேதி தெரியாத இடத்தில் “மலை சரிஞ்ச கெழம ஞாயிறு” என்று இருக்கிறது. ஏறத்தாழ மூன்று வருஷம், கூப்பன் மாவும் கிடைக்காமல் தோட்டத்தில் பட்டினி கிடந்த அந்தக் காலம் முழுக்க, செத்தவர் பெயர் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறது அந்தக் கை. ஒரு பக்கத்தில் கொழுந்துக்கறை பட்ட பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. பீரோ சித்தி என்று நான் நினைக்கிறேன், ஆனால் அவருக்கு எழுதத் தெரியுமா? புறப்படும்போது உன் அப்பா அலமாரிச் சாவியை யார் கையில் கொடுத்தார் என்று அத்தையிடம் கேள். கண் கட்டு அவிழ்த்ததும் கேள், ஆறப்போடாதே. மலரில் போதகர்மார் பட்டியல் வருகிறது, இந்தக் கைக்கு ஒரு பெயராவது போட வேண்டாமா?

இரண்டாவது, 1973 திடப்படுத்தல் பட்டியல். ஆறு பேர். நான் மூன்றாவது, நீ நாலாவது. உன் பெயருக்கு மேலும் கோடு. அதே மை, அதே கை. மற்றப் பெயர்களுக்கெல்லாம் அடிமட்டம் வைத்து நேராக இழுத்தவர், உன் பெயரில் பாதியில் நிறுத்தி, பிறகு மிச்சத்தை இழுத்திருக்கிறார். நடுவில் மை திட்டாக நிற்கிறது. உனக்குப் படம் எடுத்து அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பட்டியலை மலரில் போட ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிட்டேன், நோட்டு விளம்பரம் ஒன்று போய்விட்டது. உன் பெயரைக் கோட்டோடு போடவா, கோடில்லாமல் போடவா? தம்பி “டைப் பண்ணினா நீட்டா இருக்கும் சார்” என்கிறான். எனக்குப் புரியவில்லை. நீயே சொல். 15ஆம் தேதி அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அத்தைக்கு என் தோத்திரம். உன் வீட்டம்மாவிடம், போன தடவை கொடுத்தனுப்பிய வர்க்கி வழியிலேயே தூளாகிவிட்டது என்று சொல். தூளையும் தின்றோம்.

இப்படிக்கு,
மணியடி