வாசுகிக்கு: நகத்தில் பழக்கீற்று வரைவது பற்றி

மதுரை,
சித்திரை மாதம்.

அன்புள்ள வாசுகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று என்பதையும், மகள் தேர்வுகளை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். என் அக்காள் மகளின் நகங்களில் நான் வரைந்த பழங்களின் படத்தைப் பார்த்ததிலிருந்து, தனக்கும் அப்படி வேண்டும் என்று அவள் உன்னை விடாமல் கேட்கிறாள் என எழுதியிருந்தாய். வீட்டிலேயே அதை எப்படிச் செய்வது என்பதை மட்டும் இக்கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்; மற்ற செய்திகளை நீ மதுரைக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அவளிடம் முதலில் ஒன்றைச் சொல். கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்து வரைய வேண்டாம். பழத்தை வாங்கி, அறுத்து, தட்டில் வைத்துப் பார்த்து வரையட்டும். படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராபெரியிலும் செர்ரியிலும் நின்றுவிடுகிறார்கள். மாட்டுத்தாவணிச் சந்தையில் குவிந்து கிடக்கும் கொய்யாவையும் மாதுளையையும் யாரும் நகத்தில் ஏற்றுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தாவரவியல் செய்முறை வகுப்பில் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்து பழகிய நமக்கு இது புதிய வேலை அன்று. எலுமிச்சையை அறுத்தால் நடு அச்சை ஒட்டியே விதைகள் அமைந்திருக்கும். அச்சுச் சூல் ஒட்டுமுறை என்று படித்தோமே, அதுதான். தர்ப்பூசணியிலோ நடுச்சதை விதையில்லாமல் இருக்க, அதைச் சுற்றி வளையம்போல் விதைகள் கிடக்கும். சிவப்புப் பூசிவிட்டுக் கரும்புள்ளிகளை இறைத்தாற்போல் வைத்தால் அது தர்ப்பூசணியாக அமைவதில்லை. நுனியை நெருங்கும் இடத்தில் ஒரே வளைவில் மூன்று நான்கு விதைகளை, உள்நோக்கிக் கூர்ந்த துளிகளாக வைத்தால் போதும், பார்த்தவுடன் பழம் தெரியும். நகத்தின் நுனி வளைவே தோலின் வளைவாகிவிடுவதால், நுனியில் கரும்பச்சை, அதற்குள் வெளிர்பச்சையாக ஒரு மெல்லிய கோடு, பிறகு சிவப்பு என்று வந்தால் கீற்று முழுமையாகிவிடும்.

பொருள்களுக்காக அதிகம் செலவிட வேண்டியதில்லை. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு ஆகிய ஆறு நகப்பூச்சுகளும், நிறமற்ற பூச்சு ஒன்றும் இருந்தால் மற்ற நிறங்களைக் கலந்து கொள்ளலாம். புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் நான் அங்கேதான் வாங்குகிறேன். உங்கள் ஊரில் எந்த பேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். புள்ளி வைக்கக் குண்டூசியின் தலையும், மை தீர்ந்த பேனாவின் முனையும், கோடு இழுக்கச் சீவிய ஈர்க்குச்சியும் ஏற்றவை. நிறம் கலக்கப் பீங்கான் தட்டையே பயன்படுத்தச் சொல், ஏனென்றால் பூச்சில் உள்ள கரைப்பான்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

பொறுமை தேவைப்படுவது பூசுவதில்தான். நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து நிறமி சேர்த்த திரவம். கரைப்பான் ஆவியாகிப் போனதும் எஞ்சுவதுதான் நாம் காணும் பளபளப்பான படலம். தடிமனாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் காய்ந்து ஆடைகட்டிக்கொள்ள, உள்ளே அகப்பட்ட கரைப்பான் வெளியேற முடியாமல் குமிழியாகக் கிளம்பும், அல்லது பல மணி நேரம் கழித்தும் விரல் பட்டால் பள்ளமாகும். நம் மதுரை வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் இது இன்னும் விரைவாக நடக்கிறது. ஆகவே பூசும்போது விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலைத் திறந்து வைத்து, ஒரே தடித்த பூச்சுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய பூச்சுகளாக, ஒன்று நன்றாகக் காய்ந்த பின் மற்றொன்றைப் பூச வேண்டும். இந்த ஆவி எளிதில் தீப்பற்றக் கூடியது. அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் உட்கார வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்.

நிறமற்ற அடிப்பூச்சைத் தவிர்க்கக் கூடாது. அடர் நிறங்கள் நகத்தில் மஞ்சள் கறையை விட்டுச்செல்லும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வளர ஆறு மாதம் ஆகும் என்பதால், பிடித்த கறை அவ்வளவு எளிதில் போகாது. இன்னொரு கறையும் உண்டு. நாம் சாம்பாரைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். மஞ்சள்தூள் வெள்ளைப் பூச்சில் ஏறிவிட்டால் எலுமிச்சைக் கீற்றின் வெண்கோடுகள் எல்லாம் பழுத்துவிடும். அதனால் நுணுக்கமான பழங்களை இடக்கையில் வரைந்து, வலக்கை நகங்களுக்கு ஒரே நிறமாகச் சிவப்போ பச்சையோ பூசுவதை நான் விரும்புகிறேன். வலக்கையால் வரைகிறவளுக்கு இடக்கைதான் வசதியும்கூட.

நுண்ணிய கோடுகளுக்கு, நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பயன்படுத்தலாம். கோடு கோணினால், அது காயும் முன் ஈரத் தூரிகையால் துடைத்துவிடலாம். காய்ந்த நகப்பூச்சு அடியில் கலையாமல் அப்படியே இருக்கும். பழகுகிறவளுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. வண்ணம் முழுதும் காய்ந்த பிறகு, தூரிகையை அழுத்தாமல் மேலாக இழுத்து நிறமற்ற மேற்பூச்சைப் பூச வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பு விதையெல்லாம் சிவப்பில் இழுபட்டுவிடும்.

நம் ஊர்ப் பழங்களில் எனக்கு மிகவும் பிடித்தது நுங்கு. சித்திரை வெயிலில் சாலையோரத்தில் மூன்று கண்ணும் தெரியச் சீவி வைத்திருப்பார்களே, அந்தக் கண்ணுக்குள் இருக்கும் ஒளி ஊடுருவும் வெண்மையை எந்தக் கடையிலும் பூச்சாக விற்பதில்லை. நிறமற்ற பூச்சில் வெள்ளையை ஒரே ஒரு துளி விட்டுக் கலந்து, இரண்டு முறை மெல்லியதாகப் பூசினால் அந்தப் பால் கசிந்த தெளிவு வந்துவிடுகிறது. ஓரத்தில் இளம்பழுப்பில் ஒரு கோடு மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம். என் அக்காள் மகளின் கட்டைவிரலில் இதை வரைந்தபோது, பார்த்த பெண்கள் எல்லாரும் கேட்காமலே நுங்கு என்று சொன்னார்கள்.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்கு நினைவிருக்கும். அதை வரையும்போது எல்லோரும் கருநீலப் புள்ளிகளின் மேல் பளிச்சென்று வெள்ளைப் பொட்டு வைக்கிறார்கள். கொடியிலிருந்து பறித்த திராட்சை பளபளப்பதில்லை. அதன்மேல் சாம்பல் படிந்ததுபோல் மெழுகுப் படலம் இருக்கும். ஆகவே வெள்ளையில் கருநீலத்தைச் சிறிது கலந்து, உலர்ந்த தூரிகையால் மிக மெல்லியதாகத் தொட்டுவிடச் சொல். சிவப்புக் கொய்யாவுக்கு ஓரத்தில் இளம்பச்சை, உள்ளே இளஞ்சிவப்பு, நடுச்சதையைச் சுற்றிச் சந்தன நிறத்தில் நெருக்கமான சிறு புள்ளிகள். மாதுளை கடினம்; முத்துகளுக்கு இடையே வரும் வெளிர்மஞ்சள் சவ்வு கைகூட நாளாகும். சிறுமலை வாழை நகத்தில் எடுப்பாக இல்லை.

அழிக்கும்போது அசிட்டோன் தோய்த்த பஞ்சைச் சற்று நேரம் அழுத்தி வைத்திருந்துவிட்டு, ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும்; சுரண்டக் கூடாது. அசிட்டோன் நகத்தையும் சுற்றியுள்ள தோலையும் உலர்த்துவதால், பிறகு கைகழுவித் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்.

பேத்தி பாட்டிக்கும் பூசிவிட ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அறுவைச் சிகிச்சை முடியும் வரை வேண்டாம். விரல்நுனியில் மாட்டும் கருவி ஒளியை நகத்தின் வழியே செலுத்தித்தான் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிறது. அடர் நிறப் பூச்சு அந்த அளவைப் பிழையாக்கக் கூடும். அம்மா வீடு திரும்பிய பிறகு அவருக்கு எலுமிச்சையை வரையட்டும். அறைகளைப் பிரிக்கும் வெண்கோடுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி இழுத்தால் எளிது.

உங்கள் பக்கம் இப்போது என்ன பழம் வருகிறது என்று எழுது. அத்திப்பழம் கிடைத்தால் உன் மகளிடம் குறுக்காகவும் நெடுக்காகவும் அறுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல். அடுத்து அதைத்தான் வரைய நினைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி
மல்லிகா